ஐந்தாவது வீச்சு

2024 செப்டம்பர் 4. நம் ஊர்க் கடிகாரத்தில் இரவு பத்தரையைத் தாண்டியிருந்தது. பாராலிம்பிக் நடந்துகொண்டிருந்த, பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி ஃபிரான்ஸ் மைதானத்தில், தரையோடு அசையாமல் பொருத்திய ஓர் இரும்பு இருக்கையில் அரியானாவின் தரம்பீரை உட்கார வைத்துப் பட்டைகளால் கட்டினார்கள். கால்கள் அசையாது. இடுப்புக்கு மேலே உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளும் வேலை செய்யாது. கைகளில் கொஞ்சம் வலு உண்டு, விரல்களில் பிடிமானம் இல்லை. இளவயதில் தண்ணீருக்குள் பாய்ந்தபோது ஆழம் தெரியாமல் அடியிலிருந்த பாறையில் மோதி முதுகுத்தண்டு அடிபட்டுப்போன உடம்பு அது.

கையில் ஒரு மரக்கட்டை. கர்லாக்கட்டையைக் குழந்தை விளையாடுவதற்கென்று சிறிதாகக் கடைந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒல்லிக் கழுத்தும் பருத்த அடியுமாக இருக்கும். எடை ஏறக்குறைய 400 கிராம். ஈட்டியோ குண்டோ பிடிக்க முடியாத கைகளுக்காகவே உண்டான கட்டை எறிதல் போட்டி இது. கட்டையின் கழுத்தை விரல் இடுக்கில் செருகிக்கொண்டு, தோளையும் மேற்கையையும் மட்டும் நம்பி எறிய வேண்டும். சிலர் முன்பக்கமாக எறிவார்கள், சிலர் முதுகைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேலாக எறிவார்கள். எப்போது விடுபட வேண்டும் என்பதை விரல் தீர்மானிக்காது; வீச்சின் வேகம்தான் கட்டையை விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். அந்தக் கணம் ஒரு நூலிழை முந்தினாலோ பிந்தினாலோ கட்டை திசைமாறிப் போய்விடும்.

நின்று எறியும் போட்டிகளில் ஒருவர் எறிந்துவிட்டுப் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம், பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். இங்கே ஒருவரைக் கட்டி அவிழ்க்கவே நேரம் பிடிக்கும் என்பதால் ஆறு வாய்ப்புகளையும் ஒரே உட்காரலில் எறிந்து முடித்துவிட வேண்டும். தரம்பீர் முதல் கட்டையை எறிந்தார். ஃபவுல். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாமே ஃபவுல். பல ஆண்டு உழைப்பில் மிச்சமிருந்தது இரண்டே வீச்சு.

ஐந்தாவது 34.92 மீட்டரில் போய் விழுந்தது. ஆசிய சாதனை, தங்கப் பதக்கம். 34.59 மீட்டர் எறிந்த இன்னொரு இந்தியர் பிரணவ் சூர்மாவுக்கு வெள்ளி. செர்பியாவின் ஃபிலிப் கிராவோவாச்சுக்கு வெண்கலம்.

அதே இறுதிப் போட்டியில் மூன்றாவதாக ஓர் இந்தியரும் இருந்தார். அமித் சரோஹா. கார் விபத்தில் உடம்பின் பெரும்பகுதி செயலிழந்தவர். இந்தியாவில் இந்தக் கட்டை எறிதலுக்கு வழி போட்டவர். தரம்பீருக்கு இப்படி ஒரு போட்டி இருக்கிறது என்று சொன்னவரும், எறியக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அன்றைய பட்டியலில் அவர் கடைசி இடம். தரம்பீர் தன் தங்கத்தை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். குருவும் சீடனும் ஒரே களத்தில் நின்று, சீடன் தலையில் மகுடம் ஏறுவதைக் குரு அங்கேயே இருந்து பார்த்த அந்த இரவை எத்தனை பேர் பார்த்தோம்?

மறுநாள் செய்திகளில் தரம்பீரின் விபத்து விரிவாக வந்தது. நான்கு ஃபவுல்களுக்குப் பிறகு அந்த மனிதர் எதை மாற்றிக்கொண்டார் என்பதை எழுதியவர்கள் குறைவு. ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்தால் ஓட்டப்பாதையையும் முழங்காலையும் ஈட்டியின் கோணத்தையும் அலசுகிறோம். பாராலிம்பிக் என்றால் ஆஸ்பத்திரிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கண்ணீர் சிந்துவதில் தப்பில்லை. ஆனால் விளையாட்டைப் பார்க்காமல் கண்ணீர் மட்டும் சிந்துவது அந்த வீரர்களுக்கு நாம் வைக்கும் கடன்.

பாரிஸில் இந்தியா 84 பேரை அனுப்பியது. 29 பதக்கங்கள்: 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம். பட்டியலில் 18-வது இடம். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அதே நகரில் நடந்த ஒலிம்பிக்கில் நமக்குக் கிடைத்தவை ஆறு, அதில் தங்கம் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை மட்டம் தட்டுவது நியாயமல்ல. போட்டிகளின் எண்ணிக்கையும் பங்கேற்கும் நாடுகளும் வேறு வேறு. நம்மையே நம்மோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். 2012 லண்டனில் ஒன்றே ஒன்று, கிரிஷாவின் உயரம் தாண்டுதல் வெள்ளி. 2016 ரியோவில் நான்கு. டோக்கியோவில் 19. இப்போது 29. பன்னிரண்டே ஆண்டில் இப்படி ஏறிய வேறொரு கோடு இந்திய விளையாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் போட்டிகளின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சையளித்தவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர். முதுகுத்தண்டு போனால் படுக்கையிலேயே சில காலம் கிடந்து சாவதுதான் விதி என்றிருந்த காலம். அவர் நோயாளிகளை எழுப்பி உட்கார வைத்தார், கையில் வில்லைக் கொடுத்தார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள். 1960-ல் ரோமில் அது முதல் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமும் ஒரு படைவீரர் கொண்டுவந்ததுதான். முரளிகாந்த் பேட்கர், 1965 போரில் குண்டடி பட்டவர். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். தனிநபர் ஒலிம்பிக் தங்கத்துக்காக இந்தியா 2008 வரை காத்திருந்தது. பேட்கரின் தங்கம் அதற்கு 36 ஆண்டு மூத்தது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவர் பெயரை நான் படித்ததில்லை. பத்மஸ்ரீ அவருக்கு வந்தது 2018-ல். பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம் வென்ற ஹொகாடோ சேமாவும் ராணுவத்தார். நாகாலாந்துக்காரர். 2002-ல் காஷ்மீர் எல்லைப் பகுதியில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர். பதக்கம் வாங்கும்போது வயது 40.

பாராலிம்பிக்கைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் திணறுவது பிரிவுகளில்தான். எஃப்-51, டி-63, எஸ்யூ-5 என்று ஏதோ ரயில் பெட்டி எண்கள் போல ஓடும். புரிந்துகொண்டால் சுவை கூடும். தடகளத்தில் ‘டி’ என்றால் ஓட்டமும் தாண்டுதலும், ‘எஃப்’ என்றால் எறிதல். பின்னால் வரும் எண்ணில் முதல் இலக்கம் குறைபாட்டின் வகையைச் சொல்லும். பத்துகளில் இருந்தால் பார்வை, இருபது அறிவுசார் குறைபாடு, முப்பதுகள் மூளை வாதம் போன்றவை, ஐம்பதுகள் அமர்ந்து போட்டியிடுபவர்கள், அறுபதுகள் காலில் குறைபாட்டோடு செயற்கைக்கால் அணிந்து களமிறங்குபவர்கள். அந்தந்த வரிசைக்குள் இரண்டாம் இலக்கம் பெரும்பாலும் சிறிதாகச் சிறிதாகப் பாதிப்பு அதிகம். தரம்பீரின் எஃப்-51 ஐம்பதுகளின் எறிதல் பிரிவுகளிலேயே மிகக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கானது.

இந்த வகைப்பாட்டில்தான் நியாயமும் இருக்கிறது, நெஞ்சு பதறும் தருணங்களும் இருக்கின்றன. டோக்கியோவில் வினோத் குமார் வட்டு எறிதலில் மூன்றாவதாக வந்தார். அந்தப் பிரிவுக்கு அவர் பொருந்தவில்லை என்று மறுபரிசீலனையில் முடிவாகி, வெண்கலம் அவர் கையைவிட்டுப் போயிற்று. பாரிஸில் எஃப்-41 ஈட்டி எறிதலில், உயரம் குறைந்தவர்களின் பிரிவில், பானிப்பட்டின் நவ்தீப் சிங் 47.32 மீட்டர் எறிந்து இரண்டாவதாக இருந்தார். 47.64 எறிந்த ஈரான் வீரர் களத்தில் விதிக்கு மாறான கொடியை விரித்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட, நவ்தீப்பின் வெள்ளி தங்கமாயிற்று. தங்கம் வந்த விதத்தைச் சொல்லி நவ்தீப்பைக் குறைத்துப் பேசியவர்களும் உண்டு. முந்தைய நாள் வரை தான் எறிந்திராத தூரத்தை அவர் அன்று எறிந்தார் என்பதை அவர்கள் கவனித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் கதைக்கு வருகிறேன். செப்டம்பர் 1 அன்று பெண்கள் பாட்மிண்டன் எஸ்யூ-5 பிரிவின் அரையிறுதியில் வலைக்கு இந்தப் பக்கம் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன், அந்தப் பக்கம் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ். சென்னைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் இரு மாவட்டத்துப் பெண்கள், உலகத்தின் உச்ச மேடையில் இறுதிப் போட்டிக்காக மோதுகிறார்கள். 23-21, 21-17. துளசிமதி வென்றார்.

எஸ்யூ-5 என்பது கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவு. மைதானம் முழு அளவு, வலை அதே உயரம். ராக்கெட் பிடிக்கும் கை நன்றாகத்தானே இருக்கிறது, பிறகென்ன சிரமம் என்று கேட்பவர்கள் ஒரே ஒருமுறை வீட்டு மாடியில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்மாஷ் அடித்துப் பார்க்கட்டும். மேலே வரும் பந்துக்குக் கீழே ஓடும்போது அடிக்காத கைதான் முதலில் உயர்ந்து பந்தைக் குறிபார்க்கும். உடம்பைத் திருப்பி, எகிறி அடித்து, கீழே இறங்கும்போது சாயாமல் தாங்குவதும் அந்தக் கைதான். அது எழும்பாவிட்டால் அந்த வேலையை முழுக்க இடுப்பும் கால்களும் செய்தாக வேண்டும். சர்வீஸ் போடும்போது பந்தை நிதானமாகப் பிடித்து விடுவதே தனிப் பயிற்சி. மனிஷாவுக்குப் பிறப்பின்போதே கை நரம்பு பாதிக்கப்பட்டது. துளசிமதிக்கு இடது கை. துளசிமதியைச் சின்ன வயதிலிருந்து பயிற்றுவித்தவர் அவருடைய அப்பா. அந்தப் பெண் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே இந்த உயரத்துக்கு வந்தவர்.

மறுநாள் இறுதிப் போட்டியில் எதிரே சீனாவின் யாங் சியூ சியா. 2023 ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் துளசிமதி தோற்கடித்துத் தங்கம் பறித்த அதே வீராங்கனை. இம்முறை அவர் விடவில்லை: 17-21, 10-21. துளசிமதிக்கு வெள்ளி. மனிஷா டென்மார்க்கின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என்று ஊதித் தள்ளி வெண்கலம் வாங்கினார். ஒரே போட்டியின் மேடையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். அன்று இரவே ஓசூரின் நித்யஸ்ரீ சிவன், உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்-6 பிரிவில் இந்தோனேசியாவின் ரீனா மர்லீனாவை 21-14, 21-6 என்று வீழ்த்தி இன்னொரு வெண்கலம் சேர்த்தார். அந்த ஒரே நாளில் இந்தியாவுக்கு எட்டுப் பதக்கங்கள். நிதேஷ் குமார் பிரிட்டனின் டேனியல் பெத்தெல்லோடு மூன்றாவது கேமை 23-21 வரை இழுத்து வென்ற தங்கமும், சுமித் அன்டில் செயற்கைக்காலோடு ஓடிவந்து 70.59 மீட்டர் ஈட்டி எறிந்த தங்கமும் அதே நாள்தான்.

அடுத்த நாள் உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போனபோது பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காய்கறி விற்று வளர்த்த அம்மா. இந்தக் கதை 2016 முதல் தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். எல்லோருக்கும் தெரியாதது, அவர் எத்தனை விடாப்பிடியாகத் தன் இடத்தைக் காத்துவந்திருக்கிறார் என்பது. ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் தொடக்க விழாவில் கொடி ஏந்த வேண்டியவர், விமானத்தில் கொரோனா தொற்றாளரின் அருகில் இருந்ததால் தனிமைப்படுத்தப்பட்டு அந்த வாய்ப்பை இழந்தார். போட்டியன்று மழை. பாதித்த காலில் அணிந்த சாக்ஸ் நனைந்து கனத்துப்போனதால் தாண்ட முடியவில்லை, இல்லாவிட்டால் 1.90 போயிருப்பேன் என்று அவரே வருத்தப்பட்டார். 1.86, வெள்ளி. 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் உலகச் சாம்பியன். பாரிஸில் 1.85, வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வென்ற முதல் இந்தியர்.

தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்குமுகமாகப் படிப்பவர்கள், அந்தப் போட்டி எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாரிஸில் தங்கம் வென்ற அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச் தாண்டியது 1.94. ரியோவில் மாரியப்பன் தாண்டிய 1.89 பாரிஸிலென்றால் இரண்டாமிடத்துக்குத்தான் போதும். வெள்ளி சரத் குமாருக்கு, நான்காமிடம் சைலேஷ் குமாருக்கு. முதல் நால்வரில் மூவர் இந்தியர்கள். கிரிஷாவின் லண்டன் வெள்ளியில் தொடங்கி இந்த நாட்டில் உயரம் தாண்டுதலுக்கென்று ஒரு பரம்பரையே உருவாகிவிட்டது. மாரியப்பனை உருவாக்கிய பெங்களூருப் பயிற்சியாளர் சத்யநாராயணாவுக்கு அதில் பெரிய பங்குண்டு.

ஆனால் இது தானாக வந்துவிடவில்லை. 2015-ல் காசியாபாத்தில் நடந்த தேசியப் போட்டியில் வீரர்கள் தரையில் படுத்துக் கிடந்ததும், சக்கர நாற்காலி நுழைய முடியாத கழிப்பறைகளுக்கு முன்னால் தவித்ததும் படங்களோடு வெளிவந்து நாடு தலைகுனிந்தது. இந்தியப் பாராலிம்பிக் குழுவையே சர்வதேசக் குழு இடைநீக்கம் செய்தது. அந்தப் பள்ளத்திலிருந்து ஒன்பதே ஆண்டில் 29 பதக்கம். நடுவில் ஒன்றிய அரசின் உயர்நிலைப் பயிற்சித் திட்டத்தில் பாரா வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள், வெளிநாட்டுப் பயிற்சியும் உடலியக்க மருத்துவ உதவியும் கிடைத்தன. பதக்கத்துக்கு ஒலிம்பிக்குக்கு நிகரான தொகை வந்தது: தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50, வெண்கலத்துக்கு 30. தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடியும் மற்ற மூவருக்குத் தலா 1 கோடியும் தந்தது. 2024-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்ற 32 பேரில் 17 பேர் பாரா வீரர்கள்.

பதக்கம் வந்த பிறகு பணம் வருகிறது, மகிழ்ச்சி. பதக்கத்துக்கு முன்னால் இருக்கும் பாதைதான் இன்னும் கரடுமுரடு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து 21 ஆக்கியது, பொது இடங்கள் எல்லோரும் நுழையும்படி இருக்க வேண்டும் என்றது. நம் ஊர் மைதானத்துக்கு ஒரு மாலை போய், வாசலிலிருந்து ஓட்டப்பாதை வரை சக்கர நாற்காலியில் போக முடியுமா என்று பாருங்கள். சாய்தளம் இருக்கும் இடத்தில் அதன் மேலேயே இருசக்கர வாகனம் நிறுத்தியிருப்பார்கள். கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும். மைதானத்துக்கு வருவதற்கே பேருந்துப் படி ஏற வேண்டும். எறியும் இருக்கை ஒன்று வேண்டுமென்றால் லேத் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். ஒரு நல்ல ஓட்டச் செயற்கைக்கால் பல லட்சம். மாரியப்பன்களும் தரம்பீர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதற்கே அப்பாவின் தோளோ அண்ணனின் முதுகோ தேவைப்படுகிறது.

தெலங்கானா, வாரங்கல் பக்கம் கல்லெட கிராமத்தில் அறிவுசார் குறைபாட்டோடு பிறந்த தீப்தி ஜீவாஞ்சியை ஊரார் கேலி செய்தே வளர்த்தார்கள். அந்தப் பெண் கோபேயில் 400 மீட்டரை 55.07 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார், பாரிஸில் வெண்கலம் வென்றார். டி-35 பிரிவில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வென்ற பிரீத்தி பால்தான் பாராலிம்பிக் ஓட்டப்பாதையில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். கேலியையும் சரி, ‘தெய்வப் பிறவி’ என்று தூக்கி வைப்பதையும் சரி, இவர்கள் கேட்கவில்லை. ஓடுகளம் கேட்டார்கள்.

கடைசியாக ஷீதல் தேவி. ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் மலைக் கிராமம். பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. பாரிஸில் அவருக்கு வயது 17. அவர் அம்பு எய்வதை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாத விரல்களால் வில்லைக் கவ்வித் தூக்கி, காலை நேரே நீட்டுகிறார். நாண் வலது தோளில் மாட்டிய கருவியில் கோத்திருக்கும். காலால் வில்லை முன்னே தள்ளத் தள்ள, தோள் நாணைப் பின்னே இழுக்கும். முழு இழுப்பில் காலும் தோளும் ஒரே கோட்டில் நிற்கும். கண் குறியில் இருக்கும். தாடை லேசாக அசையும். அம்பு போய்விடும். வில்லைத் தாழ்த்திவிட்டு அடுத்த அம்பைக் காலாலேயே எடுப்பார்.

பாரிஸின் தகுதிச் சுற்றில் 720-க்கு 703 எடுத்தார். பழைய உலக சாதனை 698. அதே சுற்றில் துருக்கியின் ஒஸ்னூர் ஜூரே 704 எடுத்து ஒரே புள்ளியில் முந்திக்கொண்டார். பிறகு தனிநபர் போட்டியில் சிலியின் மரியானா சூனிகாவிடம் 137-138 என்று மறுபடி ஒரே புள்ளியில் தோற்று வெளியேறினார். இரண்டு நாள் கழித்து ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணிப் போட்டியில் இத்தாலியை 156-155 என்று வென்று வெண்கலம் வாங்கினார். அந்த ஒரு புள்ளி இம்முறை அவர் பக்கம். 2025 செப்டம்பரில் கொரியாவின் குவாங்ஜுவில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதியில் எதிரே நின்றவர் அதே ஒஸ்னூர். 146-143, ஷீதலுக்குத் தங்கம்.

அதற்கு இரண்டே மாதத்துக்குள் சோனிபட்டில் இந்திய அணித் தேர்வு நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேர்வல்ல. ஜெட்டாவில் நடக்கவிருந்த ஆசியக் கோப்பைக்கு, இரண்டு கைகளாலும் வில் பிடிக்கும் பெண்களோடு சேர்ந்து நடந்த பொதுத் தேர்வு. பிரிவும் இல்லை, எண்ணும் இல்லை. ஷீதல் போய் அந்த வரிசையில் உட்கார்ந்தார். தகுதிச் சுற்றில் அவர் எடுத்த மொத்தம், பாரிஸில் எடுத்த அதே 703. இறுதிப் பட்டியலில், நான்காவதாக வந்தவரைக் கால் புள்ளியில் தாண்டி மூன்றாமிடம். அணியில் அவர் பெயர் இருந்தது.